எலியும் வெட்டுக்கிளியும்

சோளகம் அடங்கிக் கரைவலை தொடங்கிவிட்டால், பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் உடப்புக் கடற்கரையில்தான். அம்பாப் பாட்டோடு மடி கரையேறும்போது கீரியும் சூடையும் காரலும் துள்ளும். மீன் பெரியவர்களுக்கு. ஒதுக்கி எறியும் குட்டி நண்டும் பொடி இறாலும் ஊரியும் எங்களுக்கு. ஊருக்கு மறுபக்கம் முந்தல் களப்பு. தண்ணீர் வற்றும் நாட்களில் ஆச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றைக் காலாலேயே துழாவி மட்டி எடுப்பா. ஐப்பசியில் இடியோடு மழை பெய்தால், விடியற்காலையில் தென்னந்தோட்டத்துப் புற்றில் காளான் முளைத்திருக்கும். குடை விரியுமுன் பிடுங்க வேண்டும், விரிந்தால் புழு வைத்துவிடும்.

எங்கள் இங்கிலீஷ் சேர் ஒரு அகராதிப் பைத்தியம். நாங்கள் தின்பதற்கெல்லாம் இங்கிலீஷ் பெயரும் அதன் பூர்வீகமும் சொல்லுவார். கல்லில் ஒட்டும் சிப்பி 'மசல்'. இலத்தீனில் அது சின்ன எலி. தசைக்கு இங்கிலீஷில் வழங்கும் 'மசில்' என்ற பெயரும் அதே எலிதான். தோலுக்குள்ளே எலி ஓடுகிற மாதிரி அசைகிறதாம். இதைக் கேட்ட ஆச்சி, "எலியையாடா வெள்ளைக்காரன் திங்கிறான்?" என்று உலைமூடியைக் கீழே வைத்துவிட்டா. சிங்கி இறாலுக்குச் சொல்லும் 'லொப்ஸ்டர்' வெட்டுக்கிளியிலிருந்து வந்தது. அந்த மீசையையும் முள்ளுக்காலையும் பார்த்தால் பெயர் வைத்தவனைக் குறைசொல்ல முடியாது. காளானின் 'மஷ்ரூம்' பெரும்பாலும் பாசியைக் குறித்த பிரெஞ்சுச் சொல். நஞ்சுக் காளானோ தேரை குந்தும் முக்காலி. எனக்கு இன்றும் பிடித்த பெயர் அதுதான்.

மட்டி இனத்தில் ஒன்றான 'கொக்கிள்' கதைதான் நீளம். பழைய பிரெஞ்சில் அது ஓடு, அதற்கும் முன் கிரேக்கத்தில் 'கொங்கே'. வடமொழிச் 'சங்க'மும் அந்தக் 'கொங்கே'யும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அப்படிப் பார்த்தால் கோயிலில் ஊதுகிற சங்குக்கும் சேற்றுக் கொக்கிளுக்கும் தூரத்துச் சொந்தம். மன்னார்க் கடலில் குளித்தெடுத்த சங்கை வாங்கிய இங்கிலீஷ் வணிகர்களோ புதுப்பெயர் தேடவில்லை, 'சாங்க்' என்றே எழுதிக்கொண்டார்கள்.

1980களில் புத்தளம் மாவட்டக் களப்போரங்களில் கண்டல் மரங்களை வெட்டி இறால் பண்ணைகள் போட்டார்கள். பிறகு வெண்புள்ளி நோய் வந்து பல குளங்கள் கைவிடப்பட்டன. சின்ன இறாலுக்கான 'ஷ்ரிம்ப்', சுருங்குதல் என்ற பொருளுள்ள சொல்லுக்கு உறவு. ஆனால் ஏற்றுமதிக்காரர் வாயில் ஓயாமல் புழங்கும் 'ப்ரோன்' எங்கிருந்து வந்ததென்று கேட்டால், பெரிய அகராதிகளும் 'மூலம் தெரியவில்லை' என்றே போட்டிருக்கின்றன.