மயக்கத்துக்கு மயக்கம்

மயக்கம் வருகிறதென்றுதான் அந்தப் பெரியவர் டெல்லியில் மகனுடன் மருத்துவமனைக்குச் சென்றார். அப்லேஷனுக்கு முழு மயக்கமே வேண்டுமென்றார். விழித்திருக்கையில் அந்தப் படபடப்பு மீண்டும் வருமே என்ற அச்சம்.

மருத்துவர் தயங்கினார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனில் முழு மயக்கம் வசதி: உடல் அசையாது, மூச்சு சீராகும், கத்தீட்டர் நழுவாது. இவருடையதோ திடீரெனத் தோன்றி மறையும் மிகைத்துடிப்பு. அதைத் தூண்டிப் பார்த்தால்தான் சுட வேண்டிய இடம் புலப்படும்; ஆழ்ந்த மயக்கத்தில் அதுவும் உறங்கிவிடக்கூடும். டெக்ஸ்மெடெடோமிடின் இதயக் கணுக்களையே தளர்த்தும். ப்ரோபஃபாலில் அத்தொல்லை குறைவு. ஆனால் இரத்த அழுத்தம் இறங்கும்.

மகன் படிவத்தைத் தமிழில் விளக்கினான். செடேஷனும் மயக்கம், அனஸ்தீசியாவும் மயக்கம், நோயும் மயக்கம். தமிழின் தாராளம் இங்கே உதவவில்லை.

“எந்த மயக்கத்தைச் சொல்கிறாய்?”

“அரைத்தூக்கம், அப்பா. படபடப்பு வந்தால் சொல்லலாம்.”

பெரியவர் நெடுநேரம் கழித்தே கையெழுத்திட்டார்.