காட்சிக்கு முன் கருத்து

அழகைக் கண்டவிடத்து உள்ளம் நெகிழ்தல் மக்கட்கு இயல்பு. அதனைக் குற்றமென்பார் இலர். ஆயினும், தமக்கு வேண்டுவது யாதெனத் தெளியாதார் நெஞ்சம் கண் சென்ற வழியெல்லாம் சென்று, கண்டதனையே வேண்டியதெனக் கருதி மயங்கும்.

சிம்சோன் திம்னாத் ஊரில் ஒரு பெண்ணைக் கண்டான்; உடனே பெற்றோரிடஞ் சென்று அவளையே மணமுடித்துத் தரக் கேட்டான். அவள் தன் கண்ணுக்கு இனியவள் என்பதே அவன் கூறிய காரணம். ஏழு நாள் மணவிருந்தோடு அம்மணமும் முடிந்தது.

ஈசாக்கிற்குப் பெண் தேடிச் சென்ற ஆபிரகாமின் ஊழியக்காரனோ, கிணற்றருகே எவரையும் காணுமுன்னரே ஓர் அடையாளத்தை வரையறுத்துக்கொண்டான். தான் பருக நீர் கேட்க, தன் ஒட்டகங்கட்கும் வார்ப்பேன் என்று தானே முன்வருபவள் எவளோ, அவளே உரியவள் என்பது அது. அவன் கொணர்ந்த ஒட்டகங்கள் பத்து. தாகமுற்ற ஒட்டகம் ஒன்றே பல குடம் பருகும். கேளாமலே பிறர்க்கு உழைக்கும் ஈரநெஞ்சையே அவன் நாடினான் என்பது இதனால் விளங்கும். ரெபெக்காள் பேரழகுடையளாய் வந்தும், ஒட்டகங்கள் குடித்துத் தீருமளவும் அவன் வாளா நோக்கி நின்றான்.

தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில், தலைவன் தலைவியர்க்குப் பத்து ஒப்புக்களை வகுத்துள்ளார். அவற்றுட் பிறப்பு, குடிமை என்பனவற்றை இக்காலத்து யாம் அவ்வாறே கொள்ளோம். எனினும், உருவு அப்பத்தனுள் ஒன்றே என்பதும், அருளும் உணர்வும் அதனோடு ஒருங்கு எண்ணப்பட்டன என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. வன்சொல், மடிமை, தன்னைத் தானே வியத்தல் முதலியன இருபாலார்க்கும் ஆகா என அடுத்து விலக்குகின்றார்.

சென்ற விடுமுறையில் எம் அன்னையார், "உனக்கு எத்தகையவர் வேண்டும், மகளே?" என வினவினார். ஆலயப் பாடகர் குழுவில் யாம் கண்ட ஒருவர் முகம் எம் மனத்து எழுந்ததேயன்றி, விடை எழவில்லை. விடுதிக்கு மீண்டபின், அம்முகத்தை ஒருபுறம் வைத்து எண்ணி, மூன்றினைத் தெளிந்தோம்: ஏவல் செய்வாரிடத்தும் இன்சொல் வழங்குதல், மாறுபட்ட கருத்தைச் சினவாது கேட்டல், எம் கல்வியைத் தம் கல்விபோல் மதித்தல்.

அன்னையார்க்கு இவற்றையே எழுதியுள்ளோம். அவரிடம் இம்மூன்றும் உளவோ என்பதை யாம் இன்னும் அறியோம். அறியுமளவும் அவ்வூழியக்காரனைப் போல் வாளா நோக்கியிருத்தலே தக்கது. ஒப்பு என்பது இருவர்க்கும் பொதுவாதலின், இம்மூன்றும் எம்பால் உளவோ என நாடோறும் ஆராய்தலும் எம் கடனாம்.