அத்தை பெயரில் ஒரு வீடு

அத்தைக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கிக் கொடுத்த காகிதத்தில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. மாமா 'கணவர் பெயர்' என்ற கட்டத்துக்குள் போய்விட்டார். பெண் பெயரில் வீடு என்பது நாம் எத்தனையோ கூட்டங்களில் கேட்ட கோரிக்கை. அது நிறைவேறிய ஒரு வீட்டுக்குள் பத்து வருடமாகப் போய்வந்துகொண்டிருக்கிறேன். அங்கே பார்த்ததை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரை அத்தையின் ஊர். அங்கேதான் கல்யாணமாகி வந்தாள், அங்கேதான் மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீடு போனது. அடுத்த சில வாரங்களில் கரையில் இருந்தவர்களை வண்டியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில். சேலையூர், மேடவாக்கம் வழியாகப் போனால் சொந்தக்காரர்களிலேயே அவளுக்குக் கிட்டத்தில் இருப்பவர்கள் இப்போது நாங்கள்தான். அதனால் சாமான் அடுக்கப் போனவள் நான். எட்டுத் தளக் கட்டடத்தில் ஆறாவது மாடி. நானூறு சதுர அடிகூட வராது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கதவு வைத்த கழிவறை வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஆற்றங்கரையில் இருந்தவரை விடியுமுன் எழுந்து போய்வர வேண்டும், இல்லையென்றால் இருட்டும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அத்தை அந்தக் கதவை நாலைந்து முறை திறந்து திறந்து மூடினாள். ஆற்றங்கரை வாழ்க்கையைச் சொர்க்கம்போல எழுதுகிறவர்கள் அங்கே வயசுக்கு வந்த பெண்ணாக இருந்து பார்த்ததில்லை.

கணக்கு இடித்தது வேறு இடத்தில். அத்தை மேற்கு மாம்பலத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்தாள். வீட்டு வேலைக்கு ஒரு நாளில் இரண்டு வேளை உண்டு. காலையில் பெருக்கித் துடைத்துத் துணி துவைக்க வேண்டும். சாயங்காலம் பத்துப்பாத்திரம் தேய்க்க வேண்டும். சைதாப்பேட்டையில் இருந்தபோது ஆறு மணிக்கு நடந்து போய், பதினொன்றுக்குத் திரும்பி, சோறாக்கி, கொஞ்சம் படுத்து, நாலு மணிக்கு மறுபடி போவாள். நடுவில் வந்து போக முடிந்ததால்தான் அது அவளால் செய்ய முடிகிற வேலையாக இருந்தது. வீடு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனதும் அந்த நடுப்பகல் அறுந்துவிட்டது. நாலரைக்கு எழுந்து பஸ் பிடித்துப் போனால் மத்தியானம் எங்கே உட்காருவது? வேலை செய்யும் வீட்டில் "இங்கேயே இரேன்" என்று யாரும் சொல்லவில்லை. கோயிலில் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். ஒரு அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்னால் சுவரோரமாகப் படுப்பாள். எட்டு மாதம் அப்படி ஓடியது. பிறகு இரண்டு வீடுகளை விட்டாள். மூன்றாவது வீட்டுக்காரர்கள் அவளை விட்டார்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெரிய உதவிதான், நானும் அதில்தான் போகிறேன். ஆனால் டிக்கெட்டுக் காசு மிச்சமாகும், போக இரண்டு மணி நேரம் வர இரண்டு மணி நேரம் என்பது அப்படியேதான் இருக்கும்.

வேலை போனதைக்கூட எழுதிவிடலாம். எழுதக் கடினமானது மற்றது. குலுக்கலில் வீடு விழுந்ததால், எதிர்வீட்டுக்காரி நாலு பிளாக் தள்ளிப் போய்விட்டாள். அவள்தான் அத்தை வேலைக்குப் போகும்போது கடைக்குட்டியைப் பார்த்துக்கொண்டவள், சீட்டுப் பிடித்தவள், மாமா குடித்துவிட்டுக் கை ஓங்கினால் நடுவில் வந்து நின்றவள். புது மாடியில் இரண்டு பக்கமும் தெரியாதவர்கள். முதல் வருடம் அத்தை அடி வாங்கியது யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் யாரும் கதவைத் திறக்கவில்லை. மறுகுடியமர்வுத் திட்டத்தில் இதற்கு எந்தக் கட்டமும் கிடையாது.

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டுவதுதான் ஆரம்ப கால வழக்கம். கடற்கரையோரம் இன்றும் அந்தப் பழைய குடியிருப்புகளைப் பார்க்கலாம். 2000க்குப் பிறகு வழி மாறியது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் 15,000 வீடுகளுக்கு மேல், செம்மஞ்சேரியில் 6,000க்கு மேல், பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். மூன்றும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதன் வடிகாலையும் ஒட்டிய தாழ்ந்த பூமி. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வெள்ளத்திலிருந்து காப்பாற்ற என்று சொல்லித்தான் ஆற்றங்கரைக்காரர்களை அப்புறப்படுத்தினார்கள். கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர். அதே அடையாற்றின் மேலேதான் சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை பாலம்போலப் போகிறது. 2015இல் அதுவும் மூழ்கியது. ஓடுபாதையை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும்தானா என்று தேடியபோது அமெரிக்காவின் அரிசோனா கண்ணில் பட்டது. அங்கே நவஹோ, ஹோப்பி என்ற இரு பூர்வகுடிகளும் சேர்ந்து புழங்கிய நிலத்தை 1974இல் ஒரு சட்டம் போட்டுப் பிரித்து வேலி கட்டினார்கள். நிலத்துக்கடியில் நிலக்கரி இருந்தது. வேலியின் தவறான பக்கத்தில் மாட்டிய நவஹோக்கள் 10,000க்கும் மேல் வெளியேற வேண்டியிருந்தது. ஹோப்பிகள் நூறு பேர் அளவில். நவஹோக்களுக்குத் தாய்வழி மரபு. ஆடும் வீடும் பெண்ணைச் சேர்ந்தவை, குழந்தையின் தொப்புள்கொடியை வீட்டருகே மண்ணில் புதைப்பார்கள். பிக் மவுண்டன் என்ற இடத்தில் போகமாட்டோம் என்று முன்னால் நின்றதும் கிழவிகள்தான். போனவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிடைத்த 'புதிய நிலம்' பூவெர்க்கோ ஆற்றோரம். 1979இல் சர்ச் ராக் யுரேனியக் கழிவு அணை உடைந்து ஓடியது அந்த ஆற்றில்தான். படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. மிஞ்சிய மண்ணைத்தானே எங்கும் தருகிறார்கள்.

2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகளை இடித்தபோது போய்ப் பார்த்தேன். தாம்பரம் மாநகராட்சிக்குள்தான், எங்கள் வீட்டிலிருந்து பக்கம். பொக்லைன் ஒரு பக்கம் வேலை செய்ய, பெண்கள் சுவரிலிருந்து ஃபேனையும் ஸ்விட்ச் போர்டையும் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், டிசி யாரிடம் வாங்குவது என்று ஒருத்தி கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அன்று ராத்திரி அத்தைக்கு போன் போட்டேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் இப்போது மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் இரண்டு வீடு பார்க்கிறாள், அந்த அவசரத்திலேயே பேசினாள்.

"நாளைக்கும் போவியா? போனா அந்தப் பொண்ணுங்ககிட்ட சொல்லு. மேல் மாடி விழுந்துச்சுன்னா, வயசானவங்க இருக்காங்கன்னு கீழ கேக்கச் சொல்லு. லிஃப்ட நம்ப வேணாம். அக்கம்பக்கத்துல இருக்கறவங்க பேரெல்லாம் ஒண்ணா எழுதி, ஒரே பிளாக்ல குடுன்னு கேக்கணும். தனித்தனியா கையெழுத்துப் போட வேணாம். நாங்க தனித்தனியாதான் போட்டோம். அப்புறம், சீட்டு நோட்ட யாராவது ஒருத்தி பத்திரமா வச்சுக்கச் சொல்லு, வண்டியில ஏத்தறப்ப தொலஞ்சிடும்."

மறுநாள் போனேன். ஃபேன் கழற்றிக்கொண்டிருந்த பெண் என் நோட்டை வாங்கித் தானே எழுத ஆரம்பித்தாள். நான் கிளம்பும்போது பதினேழு பேர் சேர்ந்திருந்தார்கள்.