ராத்திரி ரெண்டரை மணி மிக்சர்

போன வருஷம் ஒரு நைட் டியூட்டி. பிரசவம் முடிஞ்ச ஒரு பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கல. கர்ப்பப்பை சுருங்க மாட்டேங்குது. வயித்தை அழுத்திப் பிசைஞ்சு, ஆக்சிடோசின் ஏத்தி, ரத்தத்துக்கு ஆள் அனுப்பி, 108-ஐ வாசல்ல நிறுத்தி வெச்சு... ஒன்றரை மணி நேரப் போராட்டம். ரெண்டு மணிக்கு மேல ரத்தம் நின்னுச்சு. அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்து தண்ணி கேட்டா.

அதுவரைக்கும் எனக்குப் பசியும் தெரியல, தாகமும் தெரியல. டியூட்டி ரூம்ல வந்து உட்கார்ந்தேன். கை லேசா நடுங்குது. மேஜை மேல யாரோ வாங்கி வெச்ச கால் கிலோ மிக்சர் பாக்கெட். பிரிச்சேன். அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இருக்கறது, பாக்கெட் அடியில கிடந்த காரத்தூளை விரலால தொட்டு நக்கிட்டு இருந்ததுதான்.

சிஸ்டர் உள்ள வந்து, "மேடம், எனக்கும் கொஞ்சம்..."னு ஆரம்பிச்சவங்க, பாக்கெட்டைப் பார்த்துட்டு அப்படியே நிறுத்திட்டாங்க.

மறுநாள் ஓபி-யில உட்கார்ந்து, சர்க்கரை நோயாளிகள்கிட்ட "மிக்சர், பேக்கரி ஐட்டம் எல்லாம் தொடவே கூடாது"ன்னு அதட்டிட்டு இருந்தேன். சில வாரம் கழிச்சு எனக்கே டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன். மூணு மாசச் சராசரி சர்க்கரையைச் சொல்ற ஹெச்பிஏ1சி 6.1. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் இருந்தா, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எனக்கு வயசு 36. அம்மாவுக்கு 20 வருஷமா சர்க்கரை. அதிர்ச்சி அடைய எனக்கு உரிமையே இல்ல. ஆனாலும் ரிப்போர்ட்டை மடிச்சு பைக்குள்ள வெச்சுட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல.

இது வெறும் வாய்க்கொழுப்பு இல்லைங்க. ஆபத்து எதிர்ல நிக்கும்போது அட்ரினலின் சுரக்கும், பசி அடங்கிடும். ஆபத்து போனதுக்கு அப்புறமும், இல்ல நாள் முழுக்க விடாம மன அழுத்தம் இருந்தாலும், கார்டிசால் வேலை செய்யும். அது பசியைத் தூண்டும். அதுவும் இட்லி சாப்பிடணும்னு தோணாது. இனிப்பு, எண்ணெய், உப்புன்னுதான் மனசு தேடும். தூக்கம் கெட்டா இன்னும் மோசம். பசியைக் கிளப்புற க்ரெலின் ஏறும், 'போதும்'னு சொல்ற லெப்டின் இறங்கும். நைட் டியூட்டி பார்க்கிற போலீஸ்காரங்க, லாரி டிரைவர்கள், ஐடி பசங்க, பச்சைக்குழந்தை வெச்சிருக்கிற அம்மாக்கள் எல்லாருக்கும் இதே கதைதான்.

எனக்கு இதைப் புரிய வெச்சது பாடப்புத்தகம் இல்ல, ஒரு பேஷன்ட். (அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன்.) 50 வயசு இருக்கும். மாமியார் படுத்த படுக்கை, வீட்டுக்காரருக்கு குடி. மாத்திரையெல்லாம் சரியா போடுறாங்க, ஆனா ஹெச்பிஏ1சி 9-க்குக் கீழ இறங்கவே இல்ல. "என்னம்மா சாப்பிடுறீங்க, உண்மையைச் சொல்லுங்க"ன்னு கேட்டேன்.

"பகல்ல ஒழுங்காத்தான் இருக்கேன் டாக்டரம்மா. பத்து மணிக்கு எல்லாரும் அடங்கினதும் டிவி முன்னாடி உட்காருவேன். ஒரு கிண்ணம் மிக்சர், ரெண்டு பிஸ்கட். அது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. அதையும் விடச் சொல்றீங்களா?"

வழக்கமா நான் "விட்டாத்தான் உயிரோட இருப்பீங்க"ன்னு சொல்லியிருப்பேன். அன்னைக்கு வாய் வரல. அவங்களுக்கு பத்து மணி, எனக்கு ரெண்டரை மணி. அவ்வளவுதான் வித்தியாசம்.

"உட்காருறதை விட வேண்டாம்மா. கிண்ணத்துல இருக்கறதை மட்டும் மாத்துவோம்"னு சொன்னேன். சொல்லிட்டு நானும் அதையே செஞ்சு பார்த்தேன்.

முதல்ல நான் பண்ணின தப்பைச் சொல்றேன். வைராக்கியமா வெறும் வெள்ளரிக்காயை டப்பாவுல எடுத்துட்டுப் போனேன். பத்து நாள் தாங்குச்சு. பதினோராவது நாள் மனசு உடையற மாதிரி ஒரு கேஸ். டியூட்டி முடிஞ்சு நேரா போய் மூணு பரோட்டா, சால்னா. அந்தக் குற்ற உணர்ச்சியில மதியம் சாப்பிடல. சாயங்காலம் பசி தாங்காம பன் பட்டர் ஜாம். பட்டினியும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்தா அடுத்த பாக்கெட்டைத்தான் பிரிக்க வைக்கும்.

ராத்திரி ரெண்டரை மணிக்கு என்ன சாப்பிடப் போறேன்னு ராத்திரி ரெண்டரைக்கு முடிவு பண்ண முடியாது. அந்த நேரத்துல கைக்கு எது எட்டுதோ அதான் உள்ள போகும். அதனால சாயங்காலமே முடிவு பண்ண ஆரம்பிச்சேன். டியூட்டிக்குக் கிளம்பும் முன்னாடி ரெண்டு இட்லியை அவசரமா முழுங்குறதை நிறுத்திட்டு, முட்டையோ சுண்டலோ சேர்த்து ஒழுங்கா ஒரு சாப்பாடு. ஒரு முட்டையில கிட்டத்தட்ட 6 கிராம் புரதம் இருக்கு, பசி நிதானமாத்தான் வரும்.

எனக்கு வேண்டியது மொறுமொறுப்பும் காரமும்தான்னு கவனிச்சேன். பல்லுல எதையாவது கடிச்சாத்தான் மனசு அடங்குது. அதனால தோலோட வறுத்த கொண்டைக்கடலை, மேல கொஞ்சம் மிளகாய்த்தூள். நல்ல காயா ஒரு கொய்யா, மிளகு தூவி. ஒரு பாட்டில் மோர். வேர்க்கடலையும் நல்லதுதான், ஆனா அது ஒரு கைப்பிடி. 100 கிராம் தின்னா 550 கலோரிக்கு மேல, மிக்சரோட கணக்குக்கே வந்துடும். டப்பாவுல அளந்து எடுத்துட்டுப் போங்க, பாக்கெட்டோட போகாதீங்க.

டீயை நான் விடல. விடவும் மாட்டேன். ஆனா ஒரு நைட்ல ஆறு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன்னா, சர்க்கரையே 50 கிராம் தாண்டிடுது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது. இப்ப ரெண்டு டீ, அரை ஸ்பூன்.

உடனே கமென்ட்ல வரும், எனக்குத் தெரியும்: "டாக்டர், சிறுதானிய மிக்சர் சாப்பிடலாமா? நாட்டுச்சர்க்கரை போட்டுக்கலாமா?" தினையா இருந்தாலும் எண்ணெய்ல பொரிச்சா அது மிக்சர்தான். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்துல சர்க்கரையைத்தான் ஏத்தும். டைஜஸ்டிவ் பிஸ்கட்டும் பிஸ்கட்தான்.

ஒரு முக்கியமான விஷயம். இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவங்களுக்கு ராத்திரி திடீர்னு பசி, வியர்வை, நடுக்கம் வந்தா அதை மனக்கவலைப் பசின்னு நினைச்சு அடக்காதீங்க. சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். மெஷின் இருந்தா பாருங்க. 70-க்குக் கீழன்னா மூணு ஸ்பூன் குளுக்கோஸ் இல்ல சர்க்கரையைத் தண்ணில கலந்து உடனே குடிங்க, 15 நிமிஷத்துல திரும்பப் பாருங்க. மெஷின் இல்லைன்னாலும் குடிச்சிடுங்க. மயங்கினவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

இன்னொண்ணு. யாருக்கும் தெரியாம ஒளிஞ்சு அளவில்லாம சாப்பிடுறது, சாப்பிட்டு வேணும்னே வாந்தி எடுக்கிறது, வாரக்கணக்கா எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கறது... இதுக்குக் கொண்டைக்கடலை மருந்து இல்லைங்க. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாங்க. நேர்ல வரக் கூச்சமா இருந்தா டெலி மனஸ், 14416. இலவசம்.

என்னோட ஹெச்பிஏ1சி ஆறு மாசம் கழிச்சு 5.8. இன்னும் கோட்டுக்கு மேலதான். பரோட்டா மாசத்துக்கு ரெண்டு தடவை நடக்குது. ஆனா அதுக்கு அடுத்த வேளை பட்டினி கிடக்கறதில்ல.

அந்த அம்மா போன வாரம் வந்தாங்க. 8.2. நோட்டுல எழுதிட்டு, "கிண்ணத்துல இப்ப என்னம்மா?"ன்னு கேட்டேன்.

"கடலைதான் டாக்டரம்மா. இப்ப மாமியாருக்கும் ரெண்டு வாய் குடுக்கறேன். பல்லு இல்ல, ஊற வெச்சுக் குடுக்கறேன். அதுவும் என்கூட உட்கார்ந்து சீரியல் பார்க்குது."