காரணம் எழுதும் இடம்

என் தங்கைக்கு நடந்த ஆப்பரேஷனுக்கு நான் மூன்று காரணங்கள் எழுதியும் சொல்லியும் இருக்கிறேன். ஒன்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. ஒன்று அவள் புகுந்த வீட்டுக்கு. ஒன்று நான் குமாஸ்தாவாக இருக்கும் பாங்கில், நகைக்கடன் விண்ணப்பத்தில். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இந்த மூன்றிலும் அவள் சொன்ன காரணம் இல்லை. படைப்பில் 'எதற்காக' என்று தேடுகிறவர்களைப் பத்து வருஷமாகச் சிறுபத்திரிகைகளில் திட்டி எழுதி வந்தவன் நான் என்பதால் இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதிக்கோண்ணா, பேரு மட்டும் போட்டுடாதே" என்றாள். இந்தப் பத்திரிகையின் முந்நூறு பிரதிகளில் ஒன்றுகூட அந்த வீட்டை எட்டாது என்பதும் ஒரு தைரியம்.

நாங்கள் அனகாபுத்தூரில் நெசவுக் குடும்பம். ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குப் போன மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்த ஊர். தறி அப்பாவோடு நின்றுவிட்டது. அவர் குச்சியாக இருந்தார். மகள் பருமனாக இருப்பதைக் குடும்பம் தேறிவிட்டதற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார். "நல்ல உடம்பு" என்பார். பதினேழு வயதில் அவளுக்கு மாதவிடாய் நான்கு மாதம் நின்று, பிறகு இருபது நாள் விடாமல் போனபோது, பல்லாவரத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு ஒரு சொல்லோடு திரும்பி வந்தாள்: நீர்க்கட்டி.

விமர்சகனாக இந்தச் சொல்லோடு எனக்குப் பெரிய சண்டை உண்டு. ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல. முதிர்ந்து வெடித்து முட்டையை வெளிவிட வேண்டிய சிறு பைகள், பாதி வளர்ச்சியில் நின்றுபோய், சினைப்பையின் ஓரத்தில் வரிசையாகத் தங்கியிருக்கின்றன. அவ்வளவுதான். கட்டி என்றதும் அதை அகற்றிவிட்டால் தீர்ந்தது என்று மனம் போய்விடுகிறது. ஆங்கிலப் பெயரும் இதே தப்பைத்தான் செய்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு ஒன்று, இந்தப் பெயர் குழப்பத்தை உண்டுபண்ணுகிறது, மாற்ற வேண்டும் என்று 2012 இலேயே சொல்லியிருக்கிறது.

கோளாறின் வேர் பலருக்கு இன்சுலினில் இருக்கிறது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின், ஆண்களுக்கு உரியதென்று நாம் நினைக்கும் ஹார்மோன்களைச் சினைப்பை அதிகமாகச் சுரக்கும்படி செய்கிறது. அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதையும் குறைத்துவிடுகிறது. விளைவு: முட்டை முதிர்வதில்லை, மாதம் தவறுகிறது, முகவாயில் ரோமம், பிடரியில் கறுப்பு. எடை ஏற ஏற இந்தச் சுற்று இறுகுகிறது. ஒல்லியான பெண்களுக்கும் இந்தக் கோளாறு உண்டு. அவர்களுக்கு இந்தக் கத்தியிடம் வேலையில்லை.

கத்தி என்றால் இந்த நோயின் சரித்திரமே கத்தியில்தான் ஆரம்பிக்கிறது. 1935 இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவென்தால் என்ற இரு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். இன்று சினைப்பையைத் தொடாமல் இரைப்பையை வெட்டுகிறார்கள். முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு வாழைப்பழம் போல ஒரு குழாயை விட்டுவைக்கிறார்கள். என் தங்கைக்குச் செய்தது இதுதான்.

அதற்குமுன் நான் படித்தவற்றில் ஒன்று லண்டனில் நடந்த பரிசோதனை. 2024 இல் லான்செட்டில் வந்தது. பருமனும் இந்தக் கோளாறும் உள்ள எண்பது பெண்கள். பாதிப் பேருக்கு இரைப்பை ஆப்பரேஷன், மீதிப் பேருக்கு மருந்தும் உணவு ஆலோசனையும். வாரந்தோறும் ரத்தம் எடுத்து, ஒரு வருஷத்தில் எத்தனை முறை முட்டை வெளிப்பட்டது என்று எண்ணினார்கள். ஆப்பரேஷன் ஆனவர்களின் இடைநிலை எண்ணிக்கை ஆறு, மற்றவர்களுக்கு இரண்டு. கணக்கில் ஆப்பரேஷன் இரண்டரை மடங்கு. எனக்குப் பிடித்தது இந்த எண் அல்ல. பிறந்த குழந்தைகளை எண்ணாமல் அந்தப் பெண்ணின் உடம்பில் அந்த மாதம் நடந்ததை எண்ணினார்களே, அது.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். ஒழுங்குமுறை ஆணையம் 2019 இல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக விலக்குகளை வகுத்துக் கொடுத்தது. ஆறாவது விலக்கு, பருமன் சிகிச்சை. உடல் எடைக் குறியீடு 40 இருந்தால் விதிவிலக்கு. 35 இருந்தால் கூடவே நான்கில் ஒன்று வேண்டும்: பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்கமூச்சுத் திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை. தங்கைக்கு 38. சர்க்கரை மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. பாவம், அடங்கியிருந்ததே தப்பாகிவிட்டது. நீர்க்கட்டிக்குப் பட்டியலில் இடமில்லை. பதினேழாவது விலக்கு மலட்டுத்தன்மை. ஆகவே குழந்தை என்ற வார்த்தையை வாய்தவறியும் எழுதக்கூடாது. 'சர்க்கரை நோய், மூச்சு வாங்குதல்' என்று நான் எழுதிய கடிதம் உரைநடையாக மோசமில்லை. நிராகரித்துவிட்டார்கள்.

அதே வாரம் புகுந்த வீட்டில் போய் நேர் எதிராகப் பேசினேன். அங்கே சர்க்கரை எடுபடாது. மூச்சு வாங்குவது எடுபடவே படாது. கல்யாணமாகி ஐந்து வருஷம். "குழந்தை தங்கும் அம்மா, ஆராய்ச்சியே வந்திருக்கு" என்றேன் சம்பந்தியம்மாளிடம். மாப்பிள்ளை தலை நிமிர்ந்து பார்த்தார். பத்து நிமிஷத்தில் சம்மதம் கிடைத்தது. படித்தவன் என்ற மரியாதையை நான் அவ்வளவு மலிவாக விற்றது அதுவே முதல் தடவை.

நகைக்கடனுக்கு 'குடும்பச் செலவு' என்று எழுதினேன். மூன்றில் அதுதான் உண்மைக்குப் பக்கம்.

அவள் சொன்ன காரணம் வேறு. காலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு முகவாயில் நூல் போட்டுவிட்டு வேலைக்குப் போவது அலுத்துவிட்டது. எப்போது வரும், எத்தனை நாள் போகும் என்று தெரியாமல் பையில் எப்போதும் மாற்றுத்துணி வைத்துக்கொண்டு திரிவது அலுத்துவிட்டது. "அடுத்த மாசம் எந்தத் தேதின்னு சொல்லத் தெரியணும்ணா. அவ்ளோதான்." இது எந்தப் பாரத்திலும் எழுதக்கூடிய காரணமல்ல.

தேதி குறித்திருந்த சமயத்தில், 2024 ஏப்ரலில், பக்கத்துப் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதே எடைக்குறைப்பு ஆப்பரேஷனுக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அரசாங்கம் விசாரித்து அந்த மருத்துவமனையின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. நாங்கள் போகவிருந்தது நகரத்தில் வேறு இடம். இருந்தாலும் அம்மா மூன்று நாள் சமைக்கவில்லை. நானும் பின்வாங்கினேன், குழந்தை வாதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான், ஏதாவது ஆனால் என்ன பதில் சொல்வது என்ற சுயநலம். அவள்தான் மறுபடி டாக்டரிடம் போனாள். தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்கமருந்து டாக்டர் முழுநேரமா, ராத்திரியில் யார் இருப்பார்கள் என்று நோட்டில் எழுதி வைத்துக் கேட்டாள். ஆகஸ்டில் நடந்தது.

இரண்டு வாரம் வெறும் திரவம். மூன்றாம் மாதம் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முகவாய் ரோமம் மட்டும் அப்படியே நின்றது. ரத்தத்தில் ஆண் ஹார்மோன் குறைந்தாலும் ஒருமுறை தடித்த ரோமம் லேசில் மெலிவதில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எடை பெரிதாக இறங்குமுன்பே இன்சுலின் இறங்கிவிடுகிறது. நவம்பரில் மாதவிடாய் வந்தது, டிசம்பரிலும் வந்தது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். முட்டை திரும்பிவிட்டது என்பதால் கரு தரிக்கலாம், ஆனால் தரிக்கக்கூடாது. எடை வேகமாக இறங்கும் காலத்தில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி-12 எல்லாம் பற்றாக்குறை. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பொறுக்கச் சொல்வார்கள். 2015 இல் ஸ்வீடனிலிருந்து வந்த பெரிய ஆய்வில், ஆப்பரேஷனுக்குப் பிறகு கருவுற்றவர்களுக்குக் கர்ப்பகால சர்க்கரை குறைந்திருந்தது. எடை குறைந்த குழந்தைகள் அதிகமாகியிருந்தன. இந்த இரண்டாம் பாதியை நான் சம்பந்தியம்மாளிடம் சொல்லியிருக்கவில்லை. ஜனவரியிலிருந்து அவர் தேதி கேட்க ஆரம்பித்தார். மாதவிடாய் வந்ததைக் கேட்டு முதலில் மகிழ்ந்தவர், ஒவ்வொரு மாதமும் அது வந்ததற்காக முகம் சுளித்தார்.

ஐந்து வருஷம் பிள்ளையில்லாத என் தங்கை பிப்ரவரியில் போய்க் காப்பர்-டி போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளைக்குத் தெரியும், அதை அவர் பேரில் வரவு வைக்கிறேன். ஹார்மோன் உள்ள சாதனம் இருக்கிறது, உதிரப்போக்கு குறையும் என்று டாக்டர் சொல்லியும் மறுத்துவிட்டாள். மாத்திரையால் வரவழைத்த மாதவிடாய் பல வருஷம் பார்த்தாயிற்று, இப்போது வருவது தானாக வருகிறது, அதில் கைவைக்க வேண்டாம் என்று. இரும்பு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

மருந்துச்சீட்டு ஒருநாள் மாமியார் கையில் கிடைத்தது. சீட்டோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அவளை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்: "குழந்தைக்குன்னு சொன்னது நீங்கதானே தம்பி?" நானேதான். டாக்டர் சொன்ன கெடுவைச் சொன்னேன், இரும்பைச் சொன்னேன், ஸ்வீடனைச் சொன்னேன். அவர் கேட்டது அதையல்ல என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. காப்பியைக் குடிக்காமல் போனார்.

கெடு தாண்டிவிட்டது. எடை முப்பத்தொரு கிலோ குறைந்து நின்றிருக்கிறது. ஏறினால் பழைய கதை திரும்பலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். காப்பர்-டியை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது. எப்போது என்று நான் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சமையலறைக் காலண்டரில் பன்னிரண்டாம் தேதியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டாள். அம்மா என்னவென்று கேட்டதற்கு, "அன்னிக்கு நான் வரமாட்டேன், வேலைக்கும் லீவு" என்றாள்.