பல்லிக்கூடம்

போன வாரம் பதிப்பகத்திலிருந்து ஒரு கோப்பு வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த நாவல். இரண்டாம் பதிப்பு போடுகிறார்களாம், இன்னொரு முறை பார்த்துத் தரவேண்டுமாம். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி வீடு. மதியம் இரண்டு மணி. ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. நான் நேரே 113-க்குப் போனேன். அது அங்கேயே இருந்தது. பல்லிக்கூடம்.

2013 ஏப்ரல் 25, வியாழக்கிழமை. சித்ரா பௌர்ணமி. அப்போது திருவண்ணாமலையில் இருந்தோம், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஓர் ஓட்டு வீடு. பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. இரண்டு பேரையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அந்தக் காலத்தில் என்னிடம் நீளமான பதில் ஒன்று இருந்தது. டோட்டோ-சான் புத்தகத்தில் ஆரம்பித்து எங்கெங்கோ போகும். இப்போது அதில் பாதி எனக்கே மறந்துவிட்டது. கணவருக்குப் போளூரில் வேலை, காலை ஏழரைக்குப் பஸ். அதன் பிறகு வீடு, பிள்ளைகள், பாடம், அடுப்பு, புரூஃப் எல்லாம் ஒரே ஆளின் தலையில்.

அந்த வருடம் கரண்ட் இருந்த லட்சணம் சென்னைக்காரர்களுக்குப் புரியாது. ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது. பெரியவள் அதையே கணக்குப் பாடமாக்கியிருந்தாள். கட்டம் போட்ட நோட்டில் போகிற நேரம், வருகிற நேரம் எழுதி, இல்லாத மணிகளுக்குக் கறுப்பு க்ரேயான் பூசுவாள். ஒரு மாதப் பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான் கிரைண்டர் போடுவேன். அன்று காலை அவள் கணக்குப்படி ஒன்பது மணி வரை கரண்ட் இருக்கவேண்டும். எட்டு ஐம்பதுக்குப் போய்விட்டது. அரை கிரைண்டர் உளுந்து அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் தோழி வந்தாள். பெங்களூரிலிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாகக் குலுங்கிக் குலுங்கி, கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மூட்டை முடிச்சோடு நடந்து. கூடவே அவளுடைய மூன்று பிள்ளைகள். அதுகளும் வீட்டில் படிக்கிற ரகம். "ஏண்டி, ஆட்டோ ஒண்ணுகூட உள்ள விட மாட்டேங்கிறானே" என்று வாசலிலேயே உட்கார்ந்தவள், கிரைண்டரைப் பார்த்ததும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு குழவியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். நலம் விசாரிப்பெல்லாம் பிறகுதான்.

ஐந்து பிள்ளைகள் கூடத்தில் பரவினார்கள். அர்விந்த் குப்தாவின் தீக்குச்சி விளையாட்டு அப்போது எங்கள் வீட்டில் உச்சத்தில் இருந்தது. சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் தீக்குச்சியைச் செருகிச் செருகி முக்கோணம், சதுரம், கூம்பு என்று கட்டுவது. முக்கோணம் ஆடாது, சதுரம் நெளியும் என்பதை நான் சொல்லிக் கொடுக்கவேயில்லை. சதுரம் நெளிகிற கோபத்தில் சின்னவன் நடுவில் ஒரு குறுக்குக் குச்சியைக் குத்தினான், அது நின்றுவிட்டது.

எனக்கோ அன்று கடைசி இரண்டு ஃபாரம், முப்பத்திரண்டு பக்கம், முடித்தாகவேண்டும். பக்கத்துக்கு ஏழு ரூபாய். இரவு எட்டுக்குள் டவுனில் கூரியரில் சேர்த்தால்தான் மறுநாள் சென்னை. ஜன்னல் திண்ணையில் தாள்களைப் பரப்பிச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பெரியவளுக்கு என் தோளுக்கு மேலாக எட்டிப் படிக்கும் வழக்கம். அவளோடு ஓர் ஒப்பந்தமும் உண்டு: என் கண்ணுக்குத் தப்பியதை அவள் பிடித்தால் பிழைக்கு ஒரு கடலை மிட்டாய். ஒற்று மிகுமா மிகாதா என்பதையெல்லாம் அவள் இலக்கணப் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்த மிட்டாயில்தான் படித்தாள்.

"அம்மா, பல்லிக்கூடம்!"

பார்த்தேன். பள்ளிக்கூடம் என்று இருக்கவேண்டிய இடத்தில் பல்லிக்கூடம். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் ஐந்தும் உருண்டு உருண்டு சிரித்தன. ஓட்டு வீடு, உத்திரத்தில் எந்நேரமும் நாலு பல்லி இருக்கும். "நம்ம வீடுதான் பல்லிக்கூடம்" என்றான் சின்னவன். அதோ ஹெட்மாஸ்டர், அது கணக்கு டீச்சர், வால் அறுந்தது ஃபெயிலானவன் என்று உத்திரத்தைக் காட்டிக் காட்டிப் பெயர் வைத்தார்கள். நானும் சிரித்தேன். பேனாவை அந்த வரிக்குக் கொண்டு போகிற நேரம் வாசலில் "அம்மா, வீட்டுல யாரு?" என்று குரல்.

பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்த ஆசிரியர். கோடை தொடங்கும்போது ஆண்டுதோறும் வருவார்கள். வெயிலில் தெருத் தெருவாக அலைந்து முகம் கறுத்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவருக்கு ஒரே தரையில் ஐந்து உருப்படி! அவர் ரிஜிஸ்டரைப் புரட்டிய வேகத்தைச் சொல்லவேண்டுமே.

"தம்பி, நீ எந்த ஸ்கூலுப்பா?"

"பல்லிக்கூடம் சார்."

அவருக்குக் காதில் சரியாகத்தான் விழுந்திருக்கும். "அதான், எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார். தோழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். நான் மோர் கொடுத்து, நாற்காலி போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "2010லயே சட்டம் அமலுக்கு வந்துடுச்சும்மா. ஆறுலேருந்து பதினாலு வரைக்கும் எல்லாப் பிள்ளையும் ஸ்கூல்ல இருக்கணும்" என்றார். மிரட்டலாக இல்லை, வருத்தமாகவே சொன்னார். பிறகு பெரியவளைக் கூப்பிட்டு என் புரூஃப் தாளிலேயே ஒரு பத்தி படிக்கச் சொன்னார். அவள் படித்ததோடு நிற்காமல், "இங்க ஒற்று மிகணும் சார்" என்று வேறு காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஆமா, மிகணும்" என்றார். ரிஜிஸ்டரில் பென்சிலால் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மிச்சப் பக்கங்களை எப்படிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. நடுநடுவே உப்பு கேட்டார்கள், பசை கேட்டார்கள், ஒருவன் விரலில் தீக்குச்சிச் சிராய் ஏற்றிக்கொண்டான், தோழி தன் மாமியாரைப் பற்றி நாலு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டினாள். நாலு மணிக்குக் கடைசித் தாள் முடிந்தபோது வெளியே பாதை முழுக்க ஜனம். ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. தோழிதான் கட்டை வாங்கித் தன் ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டாள். எப்படியும் கிரிவலம் போகிறவள். எங்கள் வீட்டிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக வலமாக நடந்தால் டவுன் வழியாகத்தான் வந்தாகவேண்டும். அப்படியாக என் மெய்ப்புக் கட்டு வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் மூன்றையும் தரிசித்துவிட்டுத்தான் கூரியர் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. பதினாலு கிலோமீட்டரையும் முடித்து அவள் வீடு திரும்பும்போது மணி பதினொன்று.

அன்று இரவு சந்திர கிரகணம். 1.24-க்குப் பிடித்து 1.51-க்கு விடும் என்று பெரியவள் நோட்டில் குறித்து வைத்திருந்தாள். மாடிப்படி கிடையாது, வாசலில் பாயைப் போட்டு வரிசையாகப் படுத்திருந்தோம். இரண்டு தெரு தள்ளி ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் நடக்கிற சத்தம், மழை தூரத்தில் பெய்கிற மாதிரி. இருபத்தேழு நிமிடமும் கண் கொட்டாமல் பார்த்தோம். நிலாவின் ஓரத்தில் விரல் பட்ட அழுக்கு மாதிரி ஒரு சின்ன மங்கல், அவ்வளவுதான். "எறும்பு கடிச்சிருக்கு" என்றான் சின்னவன். மற்ற மூன்றும் அதற்கு முன்பே தூங்கிவிட்டன.

உண்மையைச் சொல்லவேண்டும். அன்று நான் சந்தோஷமாக இல்லை. யாரும் கூப்பிடாத ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு ஃபாரத்தை உட்கார்ந்த இடத்தில் முழுதாகப் படிக்க வாய்க்காதா என்றுதான் அந்தப் பாயில் படுத்தபடி நினைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது, பல்லிக்கூடத்தோடு. பதிப்பாளர் போனில் காய்ச்சி எடுத்தார். நியாயம்தான். அவரிடம் என்ன சொல்வது, வாசலில் ஆள் வந்தார் என்றா?

பெரியவள் பதினைந்து வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடம் எழுதிப் பத்தாவது முடித்தாள். இப்போது பெங்களூரில், அந்தத் தோழியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே. சின்னவன் கோவையில் ஒரு தச்சுப் பட்டறையில் இருக்கிறான், வாரம் ஒரு போன். கரண்ட் போவதில்லை. ஒரு நாளைக்கு நூறு பக்கம் பார்க்கிறேன், ஒரு புள்ளி தப்புவதில்லை. 2025 செப்டம்பர் 7 இரவு முழுக் கிரகணம் வந்ததே, மாடிக்குப் போய்ப் பார்த்தேன். 82 நிமிடம் நிலா முழுசாகச் செம்புத் தட்டு மாதிரி நின்றது. அழகுதான். பக்கத்து ஃப்ளாட் மாமி ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கீழே பால் பொங்கிவிடும் என்று போய்விட்டார். நான் பாதியில் இறங்கிவிட்டேன்.

113-ஆம் பக்கத்தைப் படம் பிடித்து இரண்டு பேருக்கும் அனுப்பினேன். சின்னவன் ஒரு பல்லிப் படத்தை அனுப்பினான். பெரியவளிடமிருந்து அரை மணி கழித்துப் பதில் வந்தது:

"அந்தக் கடலை மிட்டாய் இன்னும் வரல."

ல-வை அழித்துவிட்டு ள போட்டேன்.