ஐப்பசி வாரம்: சாத்தூர் வீடுகளின் கைப்பக்குவம்

திங்கள்

சாத்தூர் வட்டாரத்தில் வீட்டாரிடம் பாசத்தை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் குறைவு. அது கைவேலையில்தான் தெரியும். விடியுமுன்பே இங்கே ‘ஆபீஸ்’ என்று சொல்லும் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் வேன்கள் கரிசல் கிராமங்களுக்கு வந்து ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. கை நின்றால் கூலியும் நிற்கும். அப்படிப்பட்ட கை இன்னொருவருக்காக அடுப்படியில் அரைமணி நேரம் செலவிடுவது பெரிய கொடை. சாத்தூர்ச் சேவு பொட்டலமாகி வெளியூர் உறவுகளுக்குப் போகிறது. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு வேறு பண்டங்கள் உண்டு.

செவ்வாய்

எண்ணெய்க் குளியலுக்குப் பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என்பது பழைய கணக்கு. வேலைநாள் அதற்கு இடம் கொடுப்பதில்லை என்பதால் பல வீடுகளில் அது ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்துவிட்டது. அன்றைக்கு எல்லோரும் வீட்டில் இருப்பதால் இதில் நட்டம் ஒன்றுமில்லை.

வியாழன் இரவு

பருத்திப்பாலுக்குப் பருத்திவிதை ஊறப்போடும் இரவு. கரிசல் மண் பருத்திக்குப் பேர்போனது. அதன் கொட்டை மாட்டுக்குத் தீவனம், மனிதருக்குப் பால். மளிகைக் கடையில் உணவுக்கென்று விற்கும் விதையையே வாங்க வேண்டும். விதைப்பதற்கென்று மருந்து கலந்து விற்கும் விதையை அடுப்படிக்குக் கொண்டுவரவே கூடாது. கூடவே ஒரு பிடி பச்சரிசியும் தனியே ஊறுகிறது.

வெள்ளி

ஊறிய விதையைக் கழுவி, தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து பால் எடுக்கிறார்கள். சக்கையை மறுபடி அரைத்து இரண்டாம் பால், மூன்றாம் பால். பாலை அடுப்பிலேற்றி, அரைத்த பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிண்ட வேண்டும். இந்த இடத்தில் அவசரம் ஆகாது. பருத்திவிதையில் காசிபோல் (gossypol) என்ற நச்சுப்பொருள் உண்டு. சூட்டில் அதன் வேகம் தணியும் என்பதால் பச்சை வாடை போக நன்றாகக் கொதித்தாக வேண்டும். கருப்பட்டியைத் தனியே காய்ச்சி மண் போக வடிகட்டிச் சேர்க்கிறார்கள். கடைசியாகச் சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, தேங்காய்த் துருவல் தூவி இறக்குகிறார்கள்.

மழைக்காலத்தில் சளி பிடித்த பிள்ளைக்கும், நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து வேலை செய்து திரும்பியவருக்கும் முதல் டம்ளர். மருந்து என்று கொடுப்பதை விட, ‘சூடா இருக்கு, குடி’ என்று நீட்டுவதுதான் வழக்கம். தள்ளுவண்டியிலும் பருத்திப்பால் கிடைக்கும். ஆனால் யாருக்குக் காரம் கூடாது, யாருக்குத் தேங்காய் ஒத்துக்கொள்ளாது என்பது வீட்டு அடுப்புக்குத்தான் தெரியும்.

சனி

நைந்த நூல்சேலைகளை மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டு விரிப்பாக்குவது பாட்டிகளின் வேலை. பலமுறை துவைத்த துணி பச்சிளம் பிள்ளையின் தோலை உறுத்தாது. தொட்டிலுக்கும் அதே சேலைதான்.

கொடுப்பது பெரியவர்கள் மட்டுமல்ல. அலுமினியப் பவுடர் படிந்த கையோடு பட்டாசு ஆபீஸிலிருந்து வரும் தாய்க்கு வெந்நீர் போட்டு வைக்கிற பிள்ளைகள் உண்டு. இதைக் கவனித்துப் பாராட்டுவோர் குறைவு. பாராட்டியே ஆகவேண்டிய செயல் இது.

ஞாயிறு

காலையில் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, இரண்டு மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டு, உச்சியில் வைத்துத் தேய்க்கிறார்கள். சீயக்காயைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்தால் தலையில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்காது, முடியும் வறண்டுபோகாது. தீபாவளி விடியற்காலையில் இதையே வீட்டின் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் வைத்துவிடுவார். அன்றைக்குப் பேரன் பேத்திகளோடு மருமகளும் குனிந்து நிற்பாள்.

மதியம் கறிக்குழம்பு. எல்லோரும் சாப்பிட்டபின் மண்சட்டியில் ஒட்டிய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைகிறாள் அப்பத்தா. வயிறு நிறைந்த பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டுகிறார்கள். கடைக்குட்டிக்குச் சிறிய உருண்டை, பெரியவனுக்குப் பெரிய உருண்டை, வேலைக்குப் போகும் மகளுக்கும் ஒன்று. சட்டி சுத்தமாகும்வரை கைகள் நீண்டுகொண்டே இருக்கும்.